சும்மா

கோட்ஹார்ட் மேலே பனி மூடிக் கிடக்கிறது.
எர்ஸ்ட்ஃபெல்டில் எங்களை மறித்துவிட்டார்கள்.
நாற்பத்தொரு லொறிகள், மூன்று வரிசை,
வெளியே மைனஸ் பதினொன்று.
என் முதுகில் பதினெட்டு தொன் அச்சுத்தாள்,
லுகானோவுக்கு.

எஞ்சினை அணைத்தேன்.
கேபினுக்குப் பின்னால், பயணப்பெட்டி அளவில்,
சின்ன இயந்திரம் ஒன்று தும்மி எழுந்தது.
ஏ.பி.யூ. இரண்டே சிலிண்டர்.
மணிக்கு அரை லீற்றர் குடித்துவிட்டு
கால்மாட்டில் வெப்பம் தரும்,
தலைமாட்டில் விளக்கு,
தேத்தண்ணிக்குக் கொதிதண்ணீர்.
இதற்குப்போய் யானையைக் கட்டித்
தீனி போடுவார்களா?

போட்டார்கள்.
பக்கத்து லொறி, லித்துவேனிய இலக்கத்தகடு,
அணையவில்லை.
நானூற்றெண்பது குதிரைகள் லாயத்தில் நின்றபடி
குளம்பு தட்டின.
என் கட்டில் பலகை அதிர்ந்தது,
கடைவாய்ப் பல் அதிர்ந்தது,
கோப்பைக்குள் தேநீர்
வட்டம் வட்டமாய்ச் சுருங்கியது.

சும்மா ஓடுகிறது என்போம்.
சும்மாவா?
மணிக்கு மூன்று லீற்றர்.
மாதக் கடைசியில் அட்டவணையில் சிவப்புக் கட்டம்,
அதை யாரோ ஒரு முதலாளி
பேனா முனையால் தட்டிக் காட்டுவார்.
சரிவில் ஒரு வீடு.
அதன் ஜன்னல் மட்டும்
பன்னிரண்டரைக்கும் விழித்திருந்தது.

பிறகு அந்த ஜன்னலே இறங்கி வந்தது:
இரவுடுப்பின் மேல் கம்பளிக் கோட்டு,
கையில் டோர்ச்.
நாற்பத்தொரு கதவில்
சத்தம் போடாத என் கதவைத்தான்
முதலில் தட்டினாள்.
பழகிப்போனதுதான்.
பின்னலை முடிந்துகொண்டு இறங்கினேன்.
"நான் இல்லை. காதை வைத்துப் பாருங்கள்."
வைத்துப் பார்த்தாள்.
"ஓ" என்றாள்.
அதை மன்னிப்பென்று எடுத்துக்கொண்டேன்.

இருவருமாய்ப் போய் அடுத்த கதவைத் தட்டினோம்.
கெஸ்துதிஸ் என்று பெயர்.
கேபினுக்குள்ளும் தொப்பி, கையுறை.
உடைந்த ஜெர்மனில் சொன்னான்:
ஹீற்றர் நவம்பரிலேயே செத்துப்போச்சு.
கம்பனி, அடுத்த மாதம் என்கிறது.
எல்லா மாதமும் அடுத்த மாதம்.
பற்றறி கிழடு,
இப்போது அணைத்தால் காலையில் எழும்பாது.
சாவியை இரண்டு விரலால் தொட்டுக் காட்டினான்,
நாடி பார்ப்பதுபோல்.

ஏச வந்தவளுக்கு வாய் வரவில்லை.
"குளியலறையில் ஒரு ஹீற்றர் இருக்கிறது"
என்று திரும்பிப் போனாள்.

என்னிடம் செம்மஞ்சள் வயர், பன்னிரண்டு மீற்றர்.
பற்றறிச் சார்ஜரும் ஒன்று.
என் சின்னனின் துவாரத்தில் ஒரு நுனி,
பனிக்கு மேலே ஒரு கோடு,
அவன் ஜன்னல் இடுக்கில் மறுநுனி.
சின்னன் ஒருதரம் முக்கியது.
பிறகு சுமந்தது,
இரண்டு வீட்டையும்.

அவன் சாவியைத் திருப்பினான்.
குதிரைகள் நின்றன.
முதலில் காதுக்குள் ஒரு பள்ளம்.
பிறகு ரொய்ஸ் ஆறு.
இவ்வளவு நேரமும் அங்கேதான்
ஓடிக்கொண்டிருந்திருக்கிறது,
அதுவும் சும்மா.
சரிவில் ஜன்னல் அணைந்தது.

ஐந்து இருபதுக்கு வழி திறந்தார்கள்.
முதல் திருப்பிலேயே எழும்பியது அவன் லொறி.
இருபது யூரோத் தாளை நீட்டினான்.
"எவ்வளவு?"
வாய்தவறித் தமிழில் வந்தது: "சும்மா."
"அப்படியென்றால்?"
ஜெர்மனில் தேடினேன்.
காசில்லாமல். வேலையில்லாமல்.
காரணமில்லாமல். பேசாமல். பகிடிக்கு.
எதைச் சொன்னாலும் மிச்சம் நான்கு வெளியே நின்றன.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.
தாளை அவன் பைக்குள்ளேயே திணித்துவிட்டு
ஓடி ஏறினேன்.

வாஸன் ஏற்றத்தில் என்னை முந்திப் போனான்,
கையசைத்தபடி.
அவன் கதவிடுக்கில் என் செம்மஞ்சள் வயர்
வால்போல் ஆடியது.
கண்ணாடியோரம், இத்தாலியைப் பார்த்தபடி,
எர்ஸ்ட்ஃபெல்ட்காரியின்
குளியலறை ஹீற்றர்.